சத்து மாத்திரை என்று எழுதிய கை

பொய் சொன்னேன். ஆஸ்பத்திரியில், பேச்சுமூச்சில்லாமல் கிடந்த நண்பனின் தலைமாட்டில் நின்றுகொண்டு, டாக்டரின் முகத்தைப் பார்த்து, படித்தவனுக்குரிய நிதானத்தோடு சொன்னேன்.

"பி காம்ப்ளெக்ஸ், டாக்டர்."

அது பி காம்ப்ளெக்ஸ் இல்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

வாரா வாரம் இந்தப் பக்கத்தில் பஸ் கண்டக்டரின் விசிலையும், கல்யாண மண்டபத்து ரசத்தையும், எதிர்வீட்டு நாயையும் கூண்டில் ஏற்றி விசாரித்துத் தீர்ப்பு வழங்குகிறவன் நான். நீங்களும் பெரிய மனதோடு படித்து வருகிறீர்கள். இந்த வாரம் கூண்டில் நானே ஏறிக்கொள்கிறேன். யாரும் எழுந்து இடம் கொடுக்க வேண்டாம்.

சில வாரங்களுக்கு முன்னால் அவனியாபுரத்தில் எங்கள் தெரு ரேஷன் கடை வரிசையில் பஞ்சவர்ணம் மயங்கி விழுந்தார். பஞ்சவர்ணம் என் நண்பர் பாண்டியின் மனைவி. (பெயர்களை மாற்றியிருக்கிறேன். மற்றது எதையும் மாற்றவில்லை.) இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. இருபது வருடப் பழக்கம். எங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம், அவர்கள் பேரையூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். ஆனாலும் மதுரையில் இதெல்லாம் ஒரு தடையா? பாண்டி எனக்கு மாப்ள. பஞ்சவர்ணத்துக்கு நான் அண்ணன்.

பார்க்கப் போனேன். கால் கட்டைவிரலில் ஆறாத புண். சர்க்கரை தாறுமாறாக ஏறிக் கிடக்கிறது. காரணம் கேட்டால், அவர் சர்க்கரை மாத்திரையைத் தொட்டே ரொம்ப நாளாயிற்றாம்.

"ஏம்மா நிப்பாட்டுன?" என்றேன்.

"என் கையால எடுத்து என் வாயில போடவே பயமா இருக்குண்ணே," என்றார். "இந்தக் கை என்ன செஞ்சுச்சுன்னுதேன் ஊருக்கே தெரியுமே."

அந்தக் கை ஒன்றும் செய்யவில்லை. செய்தது இந்தக் கை. இதோ, இப்போது பேனா பிடித்திருக்கிற கை.

இரண்டு வருடத்துக்கு முன்னால்... எனக்கு வயது அறுபத்தேழு. முப்பத்தொரு வருடம் கல்லூரியில் கெமிஸ்ட்ரி நடத்தி ஓய்வு பெற்றவன். அந்த வயதில் ஆண்களுக்கு வருகிற ஒரு குறை எனக்கும் வந்தது. மூன்று மாதம் தயங்கினேன். பிறகு, தெரிந்தவர் எவரும் தட்டுப்படாத ஊரின் மறுகோடியில் ஒரு டாக்டரைத் தேடிப் போனேன். அவர் பிரஷர் பார்த்தார், ஈ.சி.ஜி. எடுத்தார், சர்க்கரை பார்த்தார். நெஞ்சுவலிக்கு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று இரண்டு தடவை கேட்டார். இல்லை என்றேன். அதற்குப் பிறகுதான் எழுதிக் கொடுத்தார். வேலை செய்தது. பக்கவிளைவு என்று பார்த்தால் லேசான தலைவலி மட்டும்.

இந்தக் கதையில் நான் ஒழுங்காகச் செய்த காரியம் இதோடு முடிகிறது.

பாண்டிக்கு அப்போது ஐம்பத்தெட்டு. லேத் பட்டறை வைத்திருக்கிறார். காலை நடை முடிந்து டீக்கடையில் நிற்கும்போது ஒருநாள் என் காதோரம் வந்தார்.

"வாத்தியாரே, வண்டி செல்ப் எடுக்க மாட்டேங்குது."

நான் அவருடைய பைக்கைப் பார்த்தேன்.

"அந்த வண்டி இல்ல," என்று வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

கவனித்திருக்கிறீர்களா? ஆண்கள் இந்த விஷயத்தை நேர்ப் பேச்சில் பேசவே மாட்டோம். பட்டறைப் பாஷை பேசுவோம், கிரிக்கெட் பாஷை பேசுவோம். டாக்டரிடம் போனால் 'கொஞ்சம் அசதிங்க' என்போம். பஸ் ஸ்டாண்டு கழிப்பறைச் சுவரில் ஒட்டியிருக்கிற நோட்டீஸ் மட்டும்தான் நம்மிடம் வெளிப்படையாகப் பேசும். அதை நின்று படிப்போம். மனைவியிடம் வாய் திறக்க மாட்டோம், சுவரை நம்புவோம். அப்பேர்ப்பட்ட அறிவாளிகள்.

அன்று பாண்டியிடம் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே வாக்கியம்: உன் ஹார்ட் டாக்டரிடம் கேள், மாப்ள. ஆம், அவருக்கு ஹார்ட் டாக்டர் இருந்தார். ஒரு வருடம் முன்பே நெஞ்சில் அடைப்பு என்று பார்த்து, வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ளச் சின்ன மாத்திரை கொடுத்திருந்தார்கள். சட்டைப் பையில் எந்நேரமும் அந்தக் குட்டி டப்பா இருக்கும். அவர் நடக்கும்போது கிலுகிலு என்று சத்தம் கேட்கும். 'என்ன மாப்ள, சலங்கை கட்டிட்டு வாரியா' என்று நானே கிண்டல் செய்திருக்கிறேன்.

அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல், சிரித்தேன்.

அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு அருவருப்பு. ரகசியம் தெரிந்தவனின் சிரிப்பு. அறுபத்தேழிலும் என் வண்டி ஓடுகிறது பார் என்கிற சிரிப்பு. நண்பனுக்கு உதவ வேண்டும் என்று ஆசைப்பட்டேன் என்று இங்கே எழுதினால் நீங்கள் நம்புவீர்கள். நான் நம்ப மாட்டேன். பீற்றிக்கொள்ள ஒரு ஆள் கிடைத்தார், அவ்வளவுதான்.

மறுநாள் இரண்டு மாத்திரை கொண்டுவருவதாகச் சொன்னேன். பாண்டி ஒரு நிபந்தனை போட்டார். பேர் கீர் ஒன்றும் தெரியக்கூடாது, வீட்டுக்காரி கையில் கிடைத்தால் மானம் போய்விடும் என்றார். அதற்கென்ன? மாத்திரை அட்டையைக் கத்தரிக்கோலால் ஓரம் ஓரமாக வெட்டி, பெயர் வருகிற பக்கத்தைச் சுரண்டி, மெடிக்கல் ஷாப்பில் தருகிற காகிதக் கவர் ஒன்றில் போட்டேன். கவரின் மேல், கரும்பலகையில் எழுதிப் பழகிய என் முத்து முத்தான கையெழுத்தில் எழுதினேன்: 'சத்து மாத்திரை - இரவு 1'.

சத்து! எவ்வளவு வசதியான வார்த்தை பாருங்கள். பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொடுப்பதும் சத்து மாத்திரை, பால்வாடியில் தருவதும் சத்து மாவு. யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். யாரும் மறு கேள்வி கேட்க மாட்டார்கள். அதுதானே வேண்டும்?

மாத்திரைப் பெட்டிக்குள் ஒரு காகிதம் மடித்து வைத்திருப்பார்கள். பொடி எழுத்து. அதில் நைட்ரேட் என்ற சொல் இருந்தது. இந்த மாத்திரையோடு நைட்ரேட் சேர்ந்த நெஞ்சுவலி மருந்து கூடவே கூடாது என்று இருந்தது. நான் படிக்கத் தெரிந்தவன். மேலோட்டமாகக் கண்ணை ஓட்டி, வெட்டிய அட்டைத் துணுக்குகளை அதிலேயே பொட்டலம் கட்டிக் குப்பைக்கூடையில் போட்டேன்.

கல்லூரி லேபில் நைட்ரேட்டைக் கண்டுபிடிக்கப் பழுப்பு வளையச் சோதனை என்று ஒன்று உண்டு. சோதனைக் குழாயைச் சாய்த்துப் பிடித்து, ஆசிட்டை ஓரமாக மெதுவாக விட வேண்டும். இரண்டு திரவமும் சந்திக்கிற இடத்தில் பழுப்பாக ஒரு வளையம் தெரியும். முப்பத்தொரு வருடம், ஒவ்வொரு செட்டுக்கும் சொல்லிக் கொடுத்தேன். வளையத்தைத் தவறவிட்ட பிள்ளைகளின் ரெக்கார்டு நோட்டை ஜன்னலுக்கு வெளியே எறிந்திருக்கிறேன். என் சினேகிதனின் சட்டைப் பையில் கிலுகிலுத்துக்கொண்டிருந்த நைட்ரேட்டை எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

விஷயம் எளிமையானது. நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையும் ரத்தக்குழாயை விரிக்கும். நான் கொடுத்ததும் ரத்தக்குழாயை விரிக்கும். தனித்தனியாக, டாக்டர் பார்த்துக் கொடுத்தால், இரண்டும் நல்ல மருந்து. ஒன்றன் மேல் ஒன்று விழுந்தால் பிரஷர் அதலபாதாளத்துக்குப் போய்விடும். முதல் நாள் இரவு போட்டது மறுநாளும் உடம்பில் இருக்கும். சில வகை இரண்டு நாள்கூட இருக்கும்.

முதல் மாத்திரையில் ஒன்றும் ஆகவில்லை. பாண்டி எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். இரண்டாவதைப் போட்ட மறுநாள் காலை, பட்டறைக்குக் கிளம்பும்போது நெஞ்சு பிடித்தது. பஞ்சவர்ணம் டாக்டர் சொல்லிக் கொடுத்ததை அச்சுப் பிசகாமல் செய்தார். உட்காரவைத்தார். டப்பாவைத் திறந்து ஒரு மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்தார். பாண்டிக்கு வியர்த்துக் கொட்டியது. முகம் கழுவலாம் என்று எழுந்தவர், அப்படியே சரிந்து தண்ணீர்த் தொட்டி விளிம்பில் மோதி விழுந்தார். காறை எலும்பு முறிந்தது. நெற்றி பிளந்தது.

எனக்குத்தான் முதல் போன். "அண்ணே, அவரு பேச மாட்டேங்குறாரு. வாங்கண்ணே."

ஆஸ்பத்திரியில் பிரஷர் கருவி திரும்பத் திரும்ப ஊதி இறங்கியது. இளம் டாக்டர். என் மாணவர்களின் வயது. என்னென்ன மாத்திரை சாப்பிட்டார் என்று கேட்டார். பஞ்சவர்ணம் வீட்டிலிருந்த மாத்திரைக் கவர் அத்தனையையும் மஞ்சள் பையில் அள்ளிக்கொண்டு வந்திருந்தார். ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் பரப்பினார். கடைசியாக ஒரு காலிக் கவர்.

"இந்தச் சத்து மாத்திரையும் நேத்துப் போட்டாரு டாக்டர். அண்ணன்தேன் வாங்கிக் குடுத்தாரு. காலேஜ் வாத்தியாரு."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "என்ன மாத்திரை சார்?"

அதற்கு நான் சொன்ன பதிலைத்தான் ஆரம்பத்திலேயே எழுதிவிட்டேன்.

ஏன் சொன்னேன்? பஞ்சவர்ணம் பக்கத்தில் நின்றார். என்னைப் பற்றி என்ன நினைப்பார் என்ற ஒரே எண்ணம். ஒரு தட்டில் மனித உயிர். மறு தட்டில் என் வெள்ளைச் சட்டை. சட்டைதான் கனத்தது.

எத்தனை நிமிடம் அப்படியே நின்றேன் என்று தெரியவில்லை. பிரஷர் கொஞ்சம் மேலே வந்தது. நெஞ்சுவலிக்கு டிரிப் போடுவது பற்றி டாக்டர் நர்ஸிடம் ஏதோ சொன்னார். அதில் 'நைட்ரோ' என்று ஒரு சொல் காதில் விழுந்தது. மனிதன் விழிக்கவில்லை, உள்ளே இருந்த கெமிஸ்ட்ரி வாத்தியார் விழித்துக்கொண்டார். ஓடிப்போய் டாக்டரைத் திரைக்குப் பின்னால் இழுத்தேன். சொன்னேன்.

அவர் கத்தவில்லை. "இவ்வளவு நேரம் என்ன சார் பண்ணீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனார். சிகிச்சை மாறியது. பாண்டி பிழைத்தார்.

வெளியே வந்த டாக்டரிடம், வீட்டம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்று கெஞ்சினேன். நோயாளிதான் சொல்ல வேண்டும், நான் சொல்வதில்லை என்றார். காத்திருந்தவர்களிடம் சுருக்கமாக ஒரு வரி: "மாத்திரை ஒத்துக்கல."

ஒத்துக்கல! அந்த ஒரு வார்த்தை போதாதா நம் ஜனங்களுக்கு? மதியம் பேரையூரிலிருந்து பாண்டியின் அக்கா பேச்சியம்மாள் வந்து இறங்கினார். எந்த மாத்திரை என்றார். நாக்குக்கு அடியில் வைத்த மாத்திரை என்று யாரோ சொன்னார்கள். சாயங்காலத்துக்குள் 'பஞ்சவர்ணம் மாத்திரையை மாத்திக் குடுத்துட்டா' என்றாகிவிட்டது. ஒரு வாரத்தில் பங்காளி வீடுகள் பூராவும் தெரிந்துவிட்டது. பேச்சியம்மாள் ஊருக்குத் திரும்பவில்லை. தம்பியின் மாத்திரைப் பெட்டியைத் தன் சுருக்குப் பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டார். வேளாவேளைக்கு அவர்தான் எடுத்துக் கொடுப்பார். பஞ்சவர்ணம் தண்ணீர்ச் செம்பை மட்டும் கொண்டுவந்து வைக்கலாம்.

பாண்டிக்கு உண்மை தெரியாதா? டாக்டர் அவரிடம் விளக்கமாகச் சொல்லியிருந்தார். வார்டில் அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பிறகு இரண்டு பேரும் மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தோம். ஒப்பந்தம் முடிந்தது. இரண்டு ஆம்பளைகளின் மானத்தையும் ஒரு பொம்பளையின் தலையில் ஏற்றி வைத்துவிட்டு, இரண்டு வருடம் நிம்மதியாக டீ குடித்தோம்.

அகராதியில் ஆண்மைக்கு வீரம் என்றும் பொருள் போட்டிருக்கிறது. போட்டவர் ஒருநாள் ஆஸ்பத்திரி பக்கம் வந்து பார்த்திருக்கலாம். மாத்திரையின் பெயரைச் சொல்ல முடியாத வீரம். 'மூலிகைதான், சைடு எபெக்ட் இல்லை' என்று லாட்ஜ் ரூமில் உட்கார்ந்து விற்கிறவனிடம் லேகியம் வாங்கி நக்குகிற வீரம். அந்த லேகியங்கள் சிலவற்றில் இதே மருந்தைத்தான் அளவில்லாமல் அரைத்துக் கலக்கிறார்கள், சொல்வதில்லை என்று அந்த ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார். இன்னொன்றும் சொன்னார்: இந்தக் குறையே சில சமயம் இதயத்திலிருந்து வருகிற முன்னறிவிப்பாக இருக்கலாம். அந்தக் குழாய் அடைத்தால் இந்தக் குழாயும் அடைக்கும். பாண்டி தன் டாக்டரிடம் கேட்டிருந்தால், உங்களுக்கு இந்த மாத்திரை ஆகாது, வேறு வழி பார்க்கலாம் என்று ஒரு நிமிடத்தில் முடித்திருப்பார். அந்த ஒரு நிமிட வெட்கத்துக்குப் பயந்துதான் இத்தனையும்.

சரி. புண்ணைப் பார்த்த அன்று வீட்டுக்கு வந்தேன். மறுநாள் முற்பகல், பாண்டி பட்டறைக்கும் பேச்சியம்மாள் கோயிலுக்கும் போயிருந்த நேரம் பார்த்துப் போனேன். பஞ்சவர்ணம் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கத்தரிக்கோல், கவர், பி காம்ப்ளெக்ஸ்... ஒன்றையும் விடவில்லை.

அழுவார் என்று எதிர்பார்த்தேன். கீரையை உருவிக்கொண்டே இருந்தார். கடைசியில் கேட்டார்.

"கவர்ல எழுதுனது உங்க எழுத்தா?"

"ஆமா."

"எனக்கும் கிறுகிறுன்னு வருது, அந்தச் சத்து மாத்திரையில ஒண்ணு குடுங்கன்னு அன்னைக்கு அவருகிட்டக் கேட்டேன். சிரிச்சாரு." உருவிய காம்பை ஓரமாகப் போட்டார். பிறகு, "உங்க ரெண்டு பேருக்கும் சிரிக்கத் தெரிஞ்ச அளவுக்குப் பேசத் தெரியல," என்றார்.

மன்னிப்பு கேட்டேன். அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

"என்கிட்ட ஒத்தையில சொல்லி என்ன செய்ய? என் பேரு கெட்டது பேரையூருல. வர்ற ஞாயித்துக்கெழமை சாமிக்குக் கெடா வெட்டு. எல்லாரும் வருவாக. அங்க வந்து சொல்லுங்க."

போனேன். கல்லூரியில் நூறு பேருக்கு மைக் இல்லாமல் பாடம் நடத்தியவன். வேப்பமரத்தடியில் இலை போட்டு உட்கார்ந்திருந்த அறுபது பேர் முன்னால் முதல் வாக்கியத்தையே மூன்று தடவை ஆரம்பித்தேன். பஞ்சவர்ணம் குழம்பு வாளியோடு நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லி முடித்தேன்.

பிறகு, சிரிப்பு! பந்தி முழுக்கச் சிரிப்பு. 'வாத்தியாரே, பையில இன்னும் மிச்சம் இருக்கா' என்று ஒரு குரல். 'பாண்டி மாமா, டாப் கியர்லயே போயி மோதிட்டீகளே' என்று இன்னொன்று. அவமானத்துக்குத் தயாராகப் போயிருந்தேன், எனக்குக் கிடைத்தது கைதட்டல். ஒருவர் சாகப் பார்த்ததும் ஒருத்தி இரண்டு வருடம் வெந்ததும் அவர்களுக்கு விஷயமே இல்லை. மாத்திரைதான் விஷயம்.

சிரிக்காதவர்கள் மூன்று பேர். பாண்டி பாதி இலையில் எழுந்து போய்விட்டார். பஞ்சவர்ணம் வாளியைக் கீழே வைக்கவில்லை. மூன்றாவது, பேச்சியம்மாள்.

அவர் தம்பி போன திசையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இம்புட்டு நாளும் ரெண்டு பேரும் வாயில என்னத்த வச்சிருந்தீக?" என்றார். இடுப்பிலிருந்து சுருக்குப் பையை உருவினார். மாத்திரைப் பெட்டியை வெளியே எடுத்து, பஞ்சவர்ணத்தின் முன்னால், அவர் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார். தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றெல்லாம் ஒரு வார்த்தை வரவில்லை. எங்கள் பக்கத்தில் அந்த வார்த்தைக்கும் செல்ப் எடுக்காது.

இன்னும் கேளுங்கள். கை கழுவும்போது ஒருவர் பக்கத்தில் வந்து மாத்திரையின் பெயர் என்ன என்று கிசுகிசுத்தார். பஸ் ஏறும்போது இன்னொருவர். இத்தனையும் கேட்ட பிறகு! இரண்டாமவரிடம், நெஞ்சுக்கு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா என்றேன். 'ஸ்டென்ட் வச்சு கிளியர் பண்ணியாச்சு சார், இப்ப சும்மா ஒரு மாத்திரை, வலி வந்தா நாக்குக்கு அடியில' என்றார். சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். கிலுகிலு. திங்கட்கிழமை அவரைக் கையைப் பிடித்து அவருடைய டாக்டரிடம் நானே கூட்டிப் போனேன். பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளை மாதிரி வழியெல்லாம் முனகிக்கொண்டே வந்தார். அறைக்குள் போனதும் 'கொஞ்சம் அசதி டாக்டர்' என்று ஆரம்பித்தார். மீதியை நான் சொன்னேன். பெயர் சொல்லி.

பாண்டி என்னோடு பேசுவதில்லை. ஏர்போர்ட் ரோட்டில் எதிரே வந்தால் பைக்கை வேறு சந்தில் திருப்பிவிடுகிறார். என்னால் அவர் மானம் போனதாம். சரிதான். அவர் மானத்தைத்தானே இருவரும் அந்தக் கவருக்குள் போட்டு வைத்திருந்தோம்.

போன வாரம் பஞ்சவர்ணம் சொல்லியனுப்பினார். போனேன். புண் வற்றத் தொடங்கியிருந்தது. சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறார், தன் கையால். மேஜை மேல் இரண்டு மாத்திரைப் பெட்டி, ஒன்று அவருக்கு, ஒன்று பாண்டிக்கு. பக்கத்தில் வெள்ளைக் காகிதக் கவர்கள், ஒரு பேனா. அட்டையிலிருக்கிற இங்கிலீஷ் பெயரை அப்படியே தமிழில் எழுதி, எதற்கு என்று கீழே எழுத வேண்டுமாம். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படித்துப் பார்த்து எழுதினேன். அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். இந்தக் கதையையும் பத்தியில் எழுதச் சொன்னது அவர்தான். பேரை மட்டும் மாற்றிக்கொள்ளச் சொன்னார்.

கிளம்பும்போது, "பாத்துப் போங்க, சார்," என்றார்.

சார். முப்பத்தொரு வருடம் ஊரே என்னை அப்படித்தான் கூப்பிட்டது... இவ்வளவு தூரத்திலிருந்து யாரும் கூப்பிட்டதில்லை.